கோடை முகாமுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கணவருக்குச் சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட். அரசுப் பள்ளியில் மகள் ஏழாம் வகுப்பும் மகன் நான்காம் வகுப்பும் முடிக்கிறார்கள். மகன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான் என்று டீச்சர் சொல்கிறார். எங்கள் காம்பவுண்டுக்குப் பக்கத்தில் 15 நாள் கோடை முகாம் நடத்தப்போகிறார்கள். அபாகஸ், கையெழுத்து, ஸ்போக்கன் இங்கிலீஷ், ரோபோட்டிக்ஸ் எல்லாம் உண்டாம்; காலை பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை; ஒரு பிள்ளைக்கு 4,500 ரூபாய். மகளிர் குழுவில் கடன் எடுத்து இருவரையும் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கிறேன். இன்னொரு பக்கம், "லீவில் பொண்ணைக் கைமடிக்க (துணி மடித்துக்கொடுக்கும் உதவி வேலைக்கு) அனுப்பு, வாரச் சம்பளம் போட்டுத் தர்றேன்" என்கிறார் எங்கள் சூப்பர்வைசர். வீட்டில் விட்டுப் போனால் இருவரும் நாள் முழுக்கச் செல்போனில்தான் இருப்பார்கள். வசதியுள்ள பிள்ளைகள் லீவில் முன்னேறிவிடுகிறார்கள், நம் பிள்ளைகள் படித்ததையும் மறந்துவிடுகிறார்கள் என்கிறார்களே, அது உண்மையா? நான் என்ன செய்யட்டும்?
ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கடன் வாங்க வேண்டாம். மகளைக் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டாம். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளி பூட்டப்படுவதற்குள் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும் என்பதால் இவ்விரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களையும், அவற்றுக்குப் பதிலாக உங்கள் வருமானத்துக்குள் செய்யக்கூடியவற்றையும் இனி விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். விடுமுறையில் ஏழைப் பிள்ளைகள் பின்தங்கிவிடுகிறார்கள் என்ற பேச்சுக்கு அடிப்படையாக இருப்பது பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகளே. பால்டிமோர் நகரில் 1982-இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளைக் கார்ல் அலெக்சாண்டர், டோரிஸ் என்ட்விசில் என்ற சமூகவியலாளர்கள் தம் குழுவினரோடு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளைகளும் வசதியுள்ள பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கற்றார்கள் என்றும், கோடை விடுமுறையில் வசதியுள்ளவர்கள் மேலும் சற்று முன்னேற, ஏழைப் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள் என்றும், ஒன்பதாம் வகுப்பில் காணப்பட்ட இடைவெளியின் பெரும்பகுதி இப்படிக் கோடைதோறும் சேர்ந்து வந்ததுதான் என்றும் அவர்கள் 2007-இல் எழுதினார்கள். பிற்பாடு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பால் வான் ஹிப்பல் போன்றோர், பழைய தேர்வுகளின் மதிப்பெண் அளவுகோலிலேயே கோளாறு இருந்ததைக் காட்டி, புதிய தேர்வுகளைக் கொண்டு பார்த்தால் கோடையில் இடைவெளி அவ்வளவு பெரிதாக வளர்வதில்லை என்று 2019-இல் வாதிட்டார்கள். ஆகவே, ஒரே விடுமுறையில் எல்லாம் பறிபோய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. முகாம் விளம்பரத் தாள்களில் அச்சிடப்படும் அச்சத்தில் பாதிக்கு மேல் வியாபாரம். எனினும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு சிறுவன் ஒன்றரை மாதம் ஒரு வரியும் வாசிக்காமல் இருந்தால் ஜூன் மாதம் அவனுக்குக் கடினமாகத்தான் இருக்கும் என்பதை அறிந்துகொள்ள ஆய்வு எதுவும் தேவையில்லை.

எத்தகைய கோடை முகாம் பலன் தருகிறது என்பதற்கும் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் பாஸ்டன், டல்லஸ், பிட்ஸ்பர்க் உள்ளிட்ட ஐந்து இடங்களில் மூன்றாம் வகுப்பு முடித்த, பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த குழந்தைகளுக்கான கோடை வகுப்புகளை 2013 முதல் ஆராய்ந்தது. அவை கட்டணம் இல்லாதவை. ஐந்து வாரமாவது நடந்தவை. நாள்தோறும் பாடத்துக்கு மூன்று மணி நேரமும் மீதிப் பொழுதில் விளையாட்டும் கலையும் கொண்டவை. உணவும் வண்டியும் கொடுத்தவை. இவ்வளவு இருந்தும் பெயர் பதிந்துவிட்டு வராத குழந்தைகள் கணிசமாக இருந்தார்கள். இருபது நாளும் அதற்கு மேலும் வந்தவர்கள்தாம் கணக்கில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். நம் நாட்டிலேயே, பீகாரில் 2008 ஜூன் மாதத்தில் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தின் பயிற்சியோடு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு மாத முகாம் நடத்தியபோது, குழந்தைகள் எந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்று பாராமல் எந்த அளவுக்கு வாசிக்கிறார்கள் என்று பார்த்துக் கற்பித்ததால் வாசிப்பும் கணக்கும் முன்னேறின. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: ஏழைப் பிள்ளைக்குக் கோடையில் உதவுவது, தினந்தோறும் தவறாமல் நடக்கிற, வயிற்றுக்கும் பாதுகாப்புக்கும் வழி செய்துவிட்டு அதன் பிறகு அவனுடைய நிலையிலிருந்து தொடங்குகிற ஏற்பாடு. அதில் என்னென்ன பாடங்கள் இருக்கின்றன என்பது அடுத்தபடியாகத்தான் வருகிறது.

உங்கள் பக்கத்து முகாமை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடிகிறது. உங்கள் ஷிப்ட் எட்டரைக்குத் தொடங்குகிறது, ஐந்தரைக்கு முடியும், ஷிப்மெண்ட் நெருங்கும் வாரங்களில் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் எட்டரை, ஒன்பது ஆகிவிடும். அந்த இரண்டரை மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளை யார் பார்ப்பது? இரவு முழுவதும் சாயத் தொட்டியருகே நின்றுவிட்டு வந்து தூங்கும் உங்கள் கணவரால் அது முடியாது. அப்படியானால் மகள்தான் தம்பியை எழுப்பி, குளிக்கவைத்து, முகாமுக்கு அழைத்துப்போய், திரும்ப அழைத்துவந்து, சோறு போட்டு, மாலைவரை காவல் இருக்க வேண்டும். கட்டணம் இருவருக்கும் கட்டப்பட்டிருக்கும். விடுமுறை என்னவோ தம்பிக்கு மட்டும்தான் இருக்கும். நம் பகுதியில் மூத்த பெண் பிள்ளைகளின் கோடை பெரும்பாலும் இப்படித்தான் கரைகிறது. அதை நாம் "பொறுப்பான பொண்ணு" என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பாடங்களைப் பற்றியும் சொல்கிறேன். அபாகஸ் பழகினால் கூட்டல் கழித்தல் வேகம் கூடும். ஏழாம் வகுப்புப் பெண் தடுமாறும் பின்னமும் இயற்கணிதமும் அதனால் தெளிவாகிவிடாது. பதினைந்து நாளில் யாரும் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்வதில்லை. நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்து நிறைவு நாளன்று மேடையில் சொல்வார்கள், பெற்றோரின் கண் கலங்கும், சான்றிதழ் கைக்கு வரும். ரோபோட்டிக்ஸ் பெட்டி முகாம் முடிந்ததும் நடத்துபவரிடமே போய்விடும். கையெழுத்துக்கு ஓர் இரட்டைக்கோடு நோட்டும் தினம் பதினைந்து நிமிடமும் போதும். இவையெல்லாம் தீமை என்று நான் சொல்லவில்லை. பணம் இருப்பவர்கள் அனுப்பட்டும். ஆனால் 9,000 ரூபாய்க் கடனை வாராவாரம் சனிக்கிழமைச் சம்பளத்தில் பிடித்தம் செய்து அடைக்கும் அளவுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. உங்கள் மகனுக்கு உண்மையில் தேவைப்படும் ஒன்று, அதாவது தமிழைத் தடையின்றி வாசிக்கக் கற்பது, அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அதைச் செய்ய 4,500 ரூபாய் தேவையில்லை. பள்ளி பூட்டுவதற்கு முன் ஒரு நாள் அரை மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். மகன் எழுத்துகளில் தடுமாறுகிறானா, எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்குவதிலா, அல்லது சொற்களைப் படித்துவிட்டுப் பொருள் புரியாமல் நிற்கிறானா என்று குறிப்பாகக் கேளுங்கள். நான்காம் வகுப்புப் புத்தகத்தை அவன் கையில் கொடுக்காமல் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவனிடமும் சொல்லிவிடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட சிறு கதைப் புத்தகங்கள், நுழை, நட, ஓடு, பற என்று வாசிக்கும் நிலைக்கேற்ப நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டுப் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. "நுழை", "நட" ஆகிய படிகளில் சிலவற்றை விடுமுறைக்கு எடுத்துக்கொடுக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். தொலைந்தால் பணம் கட்டுகிறேன் என்று எழுதிக்கொடுத்தால் பலர் மறுக்க மாட்டார்கள். புத்தகங்கள் பீரோவில் பூட்டியிருந்து என்ன பயன்? மகளுக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கென வரும் "தேன்சிட்டு" இதழின் பழைய பிரதிகளையும், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் "துளிர்" இதழையும் கேட்டு வாங்கலாம்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-பிரான்சன் என்ற கல்வி ஆய்வாளர்கள், ஏழைக் குழந்தைகளுக்கு மூன்று கோடைகள் தொடர்ந்து ஆளுக்குப் பன்னிரண்டு புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். வகுப்பும் இல்லை, தேர்வும் இல்லை. புத்தகங்களைக் குழந்தைகளே தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய வாசிப்புத் திறன், புத்தகம் பெறாதவர்களைவிடக் கூடியிருந்தது. எனவே நூலகத்துக்கு மகனை அழைத்துப்போகும்போது, "இது நல்ல புத்தகம்" என்று நீங்கள் திருக்குறள் விளக்கத்தை எடுத்து நீட்டாமல், அவன் பாம்பு, பேய், கிரிக்கெட் என்று எதை எடுத்தாலும் விட்டுவிடுங்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டின் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலிக்கப்படுகிறது. வீட்டுக்காரர் அதை உங்கள் வாடகையிலிருந்துதான் கட்டுகிறார். கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர ஆகும் சிறு தொகையைத் தவிர வேறு செலவில்லை. மே மாதத்தில் பல நூலகங்களில் கதை சொல்லல், ஓவியம் என்று இலவச நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம், அல்லது இரவு சாப்பாட்டுக்குப் பின், அவன் வாய்விட்டு வாசிக்க நீங்கள் பக்கத்தில் இருந்து கேளுங்கள். உங்களுக்குப் படிப்பு குறைவு என்றாலும் பரவாயில்லை. அவன் தயங்கும் இடம் உங்கள் காதுக்குத் தெரியும்.

அடுத்து, சூப்பர்வைசர் சொன்ன வேலை. உங்கள் மகளுக்கு வயது பன்னிரண்டு இருக்கும். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நாள், விடுமுறை நாள் என்ற வேறுபாடு இதில் இல்லை. மீறினால் அமர்த்தியவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். "லீவில் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறதே" என்று அவர் சொல்லக்கூடும். இருப்பது உண்மைதான், ஆனால் அது பெற்றோரின் சொந்தத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில், படிப்புக்கு இடையூறு இல்லாமல் கைகொடுப்பதைப் பற்றியது. கம்பெனியில் கூலிக்குக் கைமடிப்பது அதில் அடங்காது. வீட்டுக்குக் கொண்டுவரும் பீஸுகளுக்குப் பிசிறு வெட்டுகையில் அவள் அரை மணி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே உதவுவதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. இத்தனை டஜன் முடித்தால்தான் ஆயிற்று என்று அவள் தலையில் கணக்கு ஏறும்போது அது வேறொன்றாகிவிடுகிறது.

சட்டத்தைவிட என்னைக் கவலைப்படுத்துவது ஜூன் மாதம். ஆறு வாரம் சனிக்கிழமைதோறும் கையில் பணம் வாங்கிப் பழகிய பெண்ணுக்கு, எட்டாம் வகுப்பு வாசலில் மறுபடி நிற்பது எளிதாக இருக்காது. "இன்னும் ஒரு மாசம் மட்டும்" என்று கம்பெனியும் கேட்கும். கடன் இருக்கும் வீட்டில் மறுக்கவும் மனம் வராது. அவருக்கு நீங்கள் சட்டம் பேசிப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. "பாப்பா ஸ்காலர்ஷிப் பரீட்சைக்குப் படிக்கிறாள்" என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யாகவும் இருக்க வேண்டியதில்லை. அந்தத் தேர்வைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

சரி, பகல் முழுவதும் பிள்ளைகள் எங்கே இருப்பது? இதற்கு விடை உங்கள் காம்பவுண்டிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் மட்டுமா இந்தச் சிக்கலில் இருக்கிறீர்கள்? ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் ஆறேழு வீடுகளில் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் இருக்கலாம். எல்லாத் தாய்மார்களுக்கும் காலை எட்டரைக்கு ஒரே கவலைதான். ஆறு குடும்பங்கள் சேர்ந்து, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு கல்லூரி மாணவியையோ, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த ஒரு பெண்ணையோ ஆறு வாரத்துக்கு அமர்த்திக்கொள்ளுங்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தால், பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்காரவைத்துப் பாட்டும் விளையாட்டுமாகப் பாடம் சொல்லித்தரத் தெரிந்த பெண்கள் இன்று பல தெருக்களில் இருக்கிறார்கள். சனிக்கிழமைச் சம்பளத்திலிருந்து குடும்பத்துக்கு 300 ரூபாய் என்றால் அவருக்கு வாரம் 1,800 ரூபாய் சேரும். உங்களுக்கு ஆறு வாரத்துக்கு ஆகும் செலவு 1,800 ரூபாய், அதுவும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து. காலை ஒன்பது முதல் பிற்பகல் மூன்று வரை அவர் பார்த்துக்கொண்டால், அதற்கு மேல் நீங்கள் வரும்வரை காம்பவுண்டில் இருக்கும் ஒரு பாட்டியம்மாளைப் பொறுப்பேற்கச் சொல்லலாம். அவருக்கும் ஏதேனும் கொடுத்துவிடுவதுதான் மரியாதை.

அந்த ஆறு மணி நேரத்தில் பாடம் இரண்டு மணியைத் தாண்ட வேண்டாம். காலை வெயில் ஏறும் முன் வாசிப்பும் கணக்கும்; பிறகு பல்லாங்குழி, தாயம், பரமபதம்; சாப்பாடு; வெயில் உச்சியில் இருக்கும்போது படுத்துத் தூங்குவது. ஒடியா பேசும் குழந்தை இருந்தால் தமிழில் வாசிக்கத் திணறும். அதோடு சேர்ந்து எழுத்துக் கற்பதில் உங்கள் மகனுக்குக் கூச்சமும் குறையும். இடம், கதவு திறந்திருக்கும், நாலு பேர் கண்ணில் படும் இடமாக இருக்கட்டும். எந்தக் குழந்தையையும் தனியாக யாரோடும் அனுப்புவதில்லை என்று முதல் நாளிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கோடை முகாம் நடத்துபவர்கள் யாரும் பேசுவதில்லை. பள்ளி நாட்களில் உங்கள் மகனுக்குக் காலை உணவுத் திட்டத்தில் ஒரு வேளையும் சத்துணவில் ஒரு வேளையும் கிடைக்கின்றன. மகளுக்கு மதிய உணவு கிடைக்கிறது. மே மாதத்தில் இவை நின்றுவிடுகின்றன. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் உத்தரவிட்டது. மற்ற இடங்களுக்கு அப்படி ஏதுமில்லை. மாதச் செலவு ஏறும் அந்த நேரத்தில்தான் முகாம் கட்டணமும் வந்து நிற்கிறது. வாங்கவிருந்த கடனின் ஒரு சிறு பகுதி முட்டைக்கும் நிலக்கடலைக்கும் பருப்புக்கும் போனால் அதுவே இந்தக் கோடையில் நீங்கள் பிள்ளைகளின் படிப்புக்குச் செய்யும் உருப்படியான செலவு என்பேன். காலையில் கம்மங்கூழோ ராகிக்களியோ கரைத்து மோர் ஊற்றி வைத்துவிட்டுப் போனால் பதினொரு மணிக்குப் பிள்ளைகள் பாக்கெட் தீனிக்குக் கடைப்பக்கம் ஓட மாட்டார்கள்.

மாலை நேரத்துக்குப் பணம் இல்லாமலோ சிறு தொகையிலோ கிடைப்பவை பல. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏப்ரல், மே மாதங்களில் மாவட்ட விளையாட்டரங்குகளில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கோடைப் பயிற்சி முகாம் நடத்துகிறது. சில ஆண்டுகளில் சிறு கட்டணம் வாங்கியிருக்கிறார்கள், போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் ஐந்து முதல் பதினாறு வயது வரை உள்ளவர்களுக்குப் பாட்டு, பரதம், ஓவியம், சிலம்பம் போன்றவை மிகக் குறைந்த கட்டணத்தில் கற்பிக்கப்படுகின்றன. மகளுக்கு ஆட விருப்பம் இருந்தால், உங்கள் பகுதியில் வள்ளி கும்மிப் பயிற்சி நடக்கிறதா என்று கேளுங்கள். 2024-இல் பத்மஸ்ரீ பெற்ற மேட்டுப்பாளையத்துப் பத்ரப்பன், ஆண்கள் மட்டும் ஆடிவந்த இந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். பயிற்சி பல இடங்களில் இலவசம்தான். அரங்கேற்றத்தின்போது சீருடைச் சேலைக்குப் பணம் கேட்கக்கூடும், அதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இவற்றில் ஒன்றே ஒன்று போதும். மூன்றில் சேர்த்து மூன்றையும் பாதியில் விடுவதைவிட ஒன்றுக்குக் கடைசி நாள்வரை போவது மேல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் கூலிபாளையம் அருகே இருக்கும் நஞ்சராயன் குளத்துக்குப் போய் வாருங்கள். 2022-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஒன்றாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. பெண்களுக்குக் கட்டணமில்லாத அரசு டவுன் பஸ்ஸில் போனால் உங்களுக்கும் மகளுக்கும் டிக்கெட் செலவில்லை, மகனுக்கு அரை டிக்கெட். வலசைப் பறவைகள் குளிர்காலத்தில்தான் மிகுதி. என்றாலும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கோடையிலும் இருக்கும். பார்த்தவற்றைத் திரும்பி வந்து நோட்டில் எழுதச் சொன்னால் அது ஒரு நல்ல தமிழ் வகுப்பு.

முத்தூர், வெள்ளகோவில் பக்கம் என்று எங்கேனும் பிள்ளைகளுக்கு அப்புச்சி, அம்மிச்சி (அம்மா வழித் தாத்தா, பாட்டி) வீடு இருந்தால் பத்து நாள் அங்கே அனுப்புவதையும் வீண் என்று நினைக்காதீர்கள். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) வெள்வேல மரத்தடியில் மாடு மேய்வதைப் பார்க்கும் பிள்ளை, எந்தப் புல்லை மாடு விரும்பித் தின்னும், ஒரு வள்ளம் நிலம் என்றால் எவ்வளவு, கன்றுக்கு எத்தனை நாளில் கொம்பு முளைக்கும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். நகரத்து முகாம்களில் "இயற்கையோடு ஒரு நாள்" என்று தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுவது இதைத்தான். கையில் ஐந்து கதைப் புத்தகங்களைக் கொடுத்தனுப்புங்கள். மகளைச் சமையற்கட்டிலேயே நிறுத்திவிட வேண்டாம் என்று அம்மிச்சியிடம் சொல்லி அனுப்புங்கள்.

ஆனால் கிணறு. இந்தக் கோடையில் ஏதேனும் ஒன்றுக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்றால் நீச்சலுக்குக் கட்டுங்கள். ஒவ்வொரு மே மாதமும் நம் மாவட்டங்களில் தோட்டத்துக் கிணறுகளிலும் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்ட) வாய்க்காலிலும் கல் வெட்டி எடுத்த பாறைக்குழிகளிலும் பிள்ளைகள் மூழ்கும் செய்தி வராமல் இருப்பதில்லை. நீந்தத் தெரியாமல், பெரியவர் துணையின்றி இறங்கியவர்கள்தாம் அவர்களில் மிகுதி. பயிற்சியாளர் இருக்கும் குளத்தில் இருவருமே கற்றுக்கொள்ளட்டும். "பெண் பிள்ளைக்கு எதற்கு" என்று வீட்டில் பேச்சு வந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். கற்றுக்கொண்ட பிறகும் பாறைக்குழிப் பக்கம் போவதில்லை என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அதன் ஆழமும் அடியில் கொட்டப்பட்டிருப்பதும் யாருக்கும் தெரியாது.

செல்போனை முற்றிலும் ஒதுக்க முடியாது. பள்ளிக் கல்வித் துறை 2023-இல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் பாடங்களுக்கு ஏற்ற காணொளிகள் தமிழிலேயே, இலவசமாக இருக்கின்றன. மகள் கணக்குக்கு அதைப் பயன்படுத்தலாம். மற்ற நேரத்தில் போன் உங்களோடு கம்பெனிக்கு வரட்டும். அவசரத்துக்கு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் எண் இருக்கிறது.

இறுதியாக, மகளின் தேர்வு. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வை, எல்லோரும் என்எம்எம்எஸ் என்று சொல்வதை, அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம், நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் கிடைக்கும். கம்பெனியில் கைமடித்து ஒரு கோடையில் அவள் கொண்டுவரக்கூடிய கூலியோடு இதை ஒப்பிட்டு வீட்டில் பேசிப் பாருங்கள். தேர்வில் மனத்திறன் பகுதி ஒன்று, பாடப்பகுதி ஒன்று. பாடப்பகுதிக் கேள்விகள் ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை ஒட்டியவை. எனவே ஏழாம் வகுப்புப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாமல் வைத்திருங்கள். மனத்திறன் பகுதிக்குப் பழைய வினாத்தாள்களைப் பள்ளியில் கேட்டு வாங்கி, தினம் பத்துக் கேள்வி போட்டுப் பழகினால் போதும். எண் தொடர், ஒப்புமை, உருவ வரிசை போன்றவை புதிர் போல இருப்பதால் அவளுக்கே பிடித்துவிடும், தம்பியும் எட்டிப் பார்ப்பான். எட்டாம் வகுப்பில் சேர்ந்ததும் தலைமையாசிரியரிடம் அவள் பெயரைச் சொல்லி வையுங்கள். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். அவள் பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் இந்த விடுமுறையிலேயே ஆதார் எண்ணோடு இணைத்துத் தொடங்கிவிடுங்கள். வருமானச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் எழுதிக்கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் பிறந்துவிட்டால் அங்கே கூட்டம் தாங்காது, உங்களுக்கும் லீவு கிடைக்காது.